'{' மூடப்படவே இல்லை: பைத்தானின் பிழைச் செய்திகள் தெளிவடைந்த விதம்

கீழே இருப்பது இரண்டே வரி நிரல். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால், இதை அப்படியே ஒரு கோப்பில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

விலை = {1: 10, 2: 20, 3: 35,
கூட்டு = 5 + 6

முதல் வரியில் திறந்த சுருள் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறோம். பிழை அவ்வளவுதான். ஆனால் பைத்தான் 3.9 இதற்கு 'தொடரியல் தவறு' என்ற பொருளில் இரண்டு சொற்களை மட்டும் சொல்லும். இடம் காட்டும் குறி இரண்டாம் வரியின் சமக்குறிக்குக் கீழே நிற்கும். அந்த வரியில் எந்தத் தவறும் கிடையாது. புதிதாக நிரல் கற்பவர் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். பெயரை மாற்றிப் பார்ப்பார், இடைவெளியை எடுத்துப் பார்ப்பார், கடைசியில் தனக்கு இது வராது என்று முடிவு கட்டுவார். 3.10-இல் அதே கோப்பை ஓட்டினால் "'{' மூடப்படவே இல்லை" என்ற பொருளில் செய்தி வரும். குறியும் முதல் வரிக்குப் போய், அந்த அடைப்புக்குறியின் கீழேயே நிற்கும்.

3.10 வெளியானது 2021 அக்டோபரில். அந்தப் பதிப்பில், ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு பொருத்திப் பார்க்கும் மேட்ச் கூற்று உட்படப் பல புதிய வசதிகள் வந்தன. என்னைக் கேட்டால், அவை எல்லாவற்றையும்விடப் பெரிய வரவு இந்தச் செய்திதான். இதை யாரோ ஒருவர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து திருத்தி எழுதிவிடவில்லை. இதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், யாரும் குறை சொல்லாத, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பாகத்தை, அதாவது நிரலைப் படித்து அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளும் பார்சரை, கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினார்கள். இந்த ஆய்வு முக்கியமாக அந்த வேலையைப் பற்றியது. ஒரு திறமூல மொழிக் கருவியில் எது பராமரிப்பு, எது மேம்பாடு என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

ஒரு டோக்கனுக்கு மேல் பார்க்காத பார்சர்

சிபைத்தான் என்பது பைத்தான் மொழியின் மூல நடைமுறையாக்கம். நம்மில் பெரும்பாலோர் கணினியில் வைத்திருப்பது அதுதான். அதன் பழைய பார்சரை உருவாக்கியது பிஜென் என்ற சிறு கருவி. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் பைத்தானுக்காக முதன்முதலில் எழுதிய நிரல்களில் அதுவும் ஒன்று. மொழியின் தொடரியல் விதிகளை எழுதிய இலக்கணக் கோப்பைப் படித்து, அதற்கேற்ற பார்சரை அது உண்டாக்கித் தரும். அந்தப் பார்சர் எல்எல்(1) வகையைச் சேர்ந்தது. அதாவது எந்த இடத்திலும் அடுத்த ஒரே ஒரு டோக்கனை (பெயர், எண், குறி போன்ற ஒரு துண்டை) மட்டும் பார்த்துவிட்டு, எந்த விதியில் போவது என்று முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவு தவறென்று பிறகு தெரிந்தால் திரும்பி வர வழி கிடையாது.

இதில் நன்மை இருந்தது. பார்சர் வேகமாக ஓடும், குறைந்த நினைவகம் போதும், மொழியும் எளிமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். மொழி சின்னதாக இருந்தவரை இது பொருத்தமாகவே இருந்தது.

மொழி வளரவளர இலக்கணம் அந்தச் சட்டைக்குள் அடங்கவில்லை. செயல்கூறு ஒன்றை அழைக்கும்போது 'வேலை(அ=1)' என்று பெயர் சொல்லி மதிப்பு தருகிறோம் அல்லவா? 'அ' என்ற டோக்கனைப் பார்த்த மாத்திரத்தில் அது வெறும் கோவையா (மதிப்பு தரும் நிரல்துண்டா), பின்னால் சமக்குறி வரப்போகிற பெயரா என்று எல்எல்(1) பார்சரால் சொல்ல முடியாது. அதனால் இலக்கணக் கோப்பில், சமக்குறிக்கு இடப்பக்கம் எந்தக் கோவை வேண்டுமானாலும் வரலாம் என்று தளர்த்தி எழுதிவிட்டு, பிறகு வேறொரு கட்டத்தில் சி மொழி நிரலால் சோதித்துத் தவறானவற்றைத் தள்ளினார்கள். அந்தச் சோதனையிலும் ஓட்டை இருந்தது. 'வேலை((அ)=1)' என்று அடைப்புக்குறி போட்டு எழுதியதைப் பைத்தான் 3.7 வரை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது, 3.8-இல்தான் அது தடைசெய்யப்பட்டது.

ஆக, இலக்கணக் கோப்பு ஒன்றைச் சொல்லும், மொழி வேறொன்றாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் சோதனைகள், நிரலை இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலரின் வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும். பிழைச் செய்திகள் மோசமாக இருந்ததற்கான வேர் இதில்தான் இருக்கிறது. இலக்கணமே உண்மையைச் சொல்லாதபோது, இந்த இடத்தில் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்று பயனரிடம் யார் சொல்வது?

உதவி செய்ய யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. பைத்தான் 2-இலிருந்து 3-க்கு வந்தவர்கள் பிரிண்ட்டை அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவது வழக்கம். அவர்களுக்காக "அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது" என்ற செய்தி பழைய பார்சர் காலத்திலேயே இருந்தது. அது எங்கே இருந்தது தெரியுமா? பார்சருக்குள் இல்லை. தொடரியல் பிழை என்ற விதிவிலக்கு (பிழை நேரும்போது பைத்தான் எழுப்பும் அறிவிப்பு) வகுப்பு உருவாகும் இடத்தில், பிழையான வரியின் எழுத்துகளைப் படித்து, பிரிண்ட் என்று தொடங்குகிறதா என்று தேடிப் பார்க்கும் நிரலாக இருந்தது. நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் இப்படி ஒவ்வொரு பிழைக்கும் ஒரு ஒட்டுப்போட்டால் நாளடைவில் அதை யாராலும் தொடவே முடியாது.

பயனர் கண்ணுக்குப் படாத ஒரு வெளியீடு

கைடோ 2018 ஜூலையில் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு அவர் பிஇஜி என்ற பார்சர் முறையைக் கையில் எடுத்தார். பாப்லோ கலிண்டோ சல்காடோ, லைசாண்ட்ரோஸ் நிகோலாவ் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 2020 மார்ச்சில் மூவரும் பெப் 617 என்ற முன்மொழிவை வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.9-இல் புதிய பார்சர் இயல்பான பார்சராக இடம்பிடித்தது.

பிஇஜி முறையில் விதிகளுக்கு வரிசை உண்டு. முதல் விதியைப் பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அடுத்த விதியைப் பார்க்கும். ஒரு டோக்கன், இரண்டு டோக்கன் என்ற கட்டுப்பாடு கிடையாது. இப்படித் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தைப் பலமுறை படிக்க நேரும். சிக்கலான நிரலில் நேரம் எக்கச்சக்கமாகப் பெருகிவிடும். அதைத் தடுக்க, ஒரு விதி ஓர் இடத்தில் தந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நினைவில் வைத்தால் நினைவகம் வீணாகும். அதனால் சிபைத்தானில் இலக்கணக் கோப்பில் குறிப்பிட்டுச் சொன்ன விதிகளின் விடைகள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. எந்த விதிகளைக் குறிப்பது என்று முடிவெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இன்னொரு பெரிய மாற்றமும் உண்டு. பழைய பார்சர் முதலில் ஒரு முழு விவர மரத்தைக் கட்டும், அதிலிருந்து இன்னொரு கட்டத்தில் கம்பைலருக்கு வேண்டிய, நிரலின் சாரத்தை மட்டும் தாங்கும் ஏஎஸ்டி மரத்தை உண்டாக்கும். புதியதில் ஒவ்வொரு இலக்கண விதிக்குப் பக்கத்திலேயே அது எந்த ஏஎஸ்டி கணுவை உண்டாக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். நடுவில் இருந்த மரமும் அதை மாற்றும் நிரலும் தேவையற்றுப் போயின.

இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது அவர்கள் எல்லை வகுத்துக்கொண்ட விதத்தை. புதிய பார்சர் வந்த பதிப்பில் பயனருக்குப் புதிதாக எதையும் தரக் கூடாது. பழையது தந்த அதே ஏஎஸ்டி, வரி எண், எழுத்து நிலை உட்பட அப்படியே வர வேண்டும். வேகத்திலும் நினைவகத்திலும் பழையதைவிட 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார்கள். பைபிஐ தொகுப்பகத்தில் அதிகம் பயன்படும் தொகுப்புகளை இறக்கி, அவற்றைப் புதிய பார்சரால் படித்துச் சோதிக்கும் நிரல்களும் மூலக் களஞ்சியத்திலேயே வைக்கப்பட்டன. 3.9-இல் பழைய பார்சரை நீக்காமல், ஒரு கட்டளைத் தேர்வு மூலம் அதற்கே திரும்பிப் போகும் வழியும் கொடுத்தார்கள். யாருக்காவது ஏதாவது உடைந்தால் அன்றைக்கே பழையதில் ஓட்டிக்கொண்டு, ஆறஅமரப் புகார் அனுப்பலாம். 3.10-இல்தான் பழையது முழுக்க வெளியேறியது.

ஆர்வக்கோளாறில், பார்சரை மாற்றும்போதே புதிய தொடரியலையும் சேர்த்து வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏதாவது ஒரு நிரல் உடையும்போது, பார்சரில் தவறா, புதிய தொடரியலில் தவறா என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போயிருக்கும். வித் கூற்றில் பல கோப்புகளை அடைப்புக்குறிக்குள் வரிசையாக எழுதும் வசதி 3.9-இன் புதிய பார்சரிலேயே வேலை செய்தது. ஆனாலும் அதை அதிகாரபூர்வமாக அறிவித்தது 3.10-இல்தான். மேட்ச் கூற்றும் அப்படியே. மேட்ச் என்ற சொல்லைப் பழைய நிரல்கள் மாறிப் பெயராகப் பயன்படுத்தியிருக்கும். அதைக் கெடுக்காமல், தேவையான இடத்தில் மட்டும் சிறப்புச் சொல்லாக நடத்தத் திரும்பிப் பார்க்கும் பார்சர் தேவைப்பட்டது.

இரண்டாம் சுற்று

சரி, பிழைச் செய்திக்கு வருவோம். பார்சர் மாறிய பிறகு அதே இலக்கணக் கோப்பில் இன்னொரு வகை விதிகளை எழுத முடிந்தது. இவை மொழியை வரையறுப்பதில்லை. மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வரையறுக்கின்றன. 'செல்லாத' என்ற ஆங்கில முன்னொட்டோடு பெயர் தொடங்கும் இந்த விதிகள், எடுத்துக்காட்டாக, நிபந்தனைக் கூற்றின் முடிவில் முக்காற்புள்ளி விடுபட்டால் எப்படி இருக்கும், ஒப்பிட வேண்டிய இடத்தில் == போடாமல் = போட்டால் எப்படி இருக்கும் என்று விவரிக்கும். அந்த வடிவம் பொருந்தினால், அதற்குரிய செய்தியோடு பிழையை எழுப்பும்.

இத்தகைய விதிகள் ஏராளமாகச் சேர்ந்தால் பார்சர் மெதுவாகும். உலகத்தில் ஓடும் பைத்தான் நிரல்களில் மிகப் பெரும்பாலானவை சரியானவை. தவறு செய்தவருக்கு உதவுவதற்காக, சரியாக எழுதிய எல்லோரிடமும் நேரத்தை வசூலிப்பது நியாயமில்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. முதல் சுற்றில் பிழை விதிகள் அனைத்தும் அணைக்கப்பட்டிருக்கும். நிரல் சரியென்றால் அத்தோடு வேலை முடிந்தது. தோற்றால் மட்டும் பார்சர் தொடக்கத்துக்குப் போய், பிழை விதிகளை இயக்கி, மறுபடியும் படிக்கும். இந்த இரண்டாம் சுற்று எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எப்படியும் அந்த நிரல் ஓடப்போவதில்லை, படிப்பவர் ஒரு மனிதர்.

இந்த ஒரு முடிவு பராமரிப்பாளர்களின் கையைக் கட்டவிழ்த்துவிட்டது. அதன்பின் ஒரு புதிய உதவிச் செய்தியைச் சேர்க்க விரும்பும் பங்களிப்பாளரிடம், இதனால் வேகம் குறையுமா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கேட்க வேண்டியது, இந்தச் செய்தி உண்மையா என்பதை மட்டும்தான்.

அந்தக் கேள்வியை எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்பதற்குக் காற்புள்ளி விதியைப் பார்க்கலாம். [10 20] என்று எழுதினால் "காற்புள்ளி விடுபட்டதோ?" என்ற பொருளில் பைத்தான் கேட்கும். அதே 10 20 என்பதை அடைப்புக்குறி எதுவும் இல்லாமல் தனி வரியில் எழுதினால், அந்த யூகம் வராது. பொதுவான தொடரியல் பிழைதான் வரும். காரணம், விதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டு கோவைகள் அடுத்தடுத்து நிற்பது ஏதாவது ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்தால் மட்டுமே யூகத்தைச் சொல். வெளியே இரண்டு கோவைகள் ஒட்டி நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். காற்புள்ளி அவற்றில் ஒன்று மட்டுமே.

அதே விதிக்கு இன்னும் நிபந்தனைகள் உண்டு. ஒரு பெயரும் அதை அடுத்து ஒரு சரமும் (மேற்கோள்குறிக்குள் உள்ள எழுத்துத் தொடரும்) வந்தால் இந்த யூகம் வராது. சரத்தின் முன்னொட்டு எழுத்தைத் தவறாகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிரிண்ட் போன்ற பழைய கூற்றாக இருந்தால், அதற்குரிய வேறு விதிக்கு வழிவிடும். இரண்டாவது கோவையைப் படிக்கும்போது மற்றப் பிழை விதிகள் தற்காலிகமாக அணைக்கப்படும். பிழை விதிக்குள் பிழை விதி, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால், ஆழமான அடைப்புக்குறிகள் உள்ள நிரலில் இரண்டாம் சுற்று முடியவே முடியாது.

ஒரு கேள்விக்குறியோடு கூடிய சிறு வாக்கியத்துக்குப் பின்னால் இவ்வளவு தயக்கம். அந்தத் தயக்கம் சரியானது என்பதே என் உறுதியான கருத்து. பொதுவான செய்தி பயனருக்கு உதவாது; ஆனால் ஏமாற்றவும் செய்யாது. தவறான யூகம், அதுவும் கம்பைலரின் அதிகாரத்தோடு வரும் தவறான யூகம், கற்பவரைத் தவறான திசையில் அரை மணி நேரம் அனுப்பிவிடும். அடுத்த முறை சரியான யூகம் வந்தாலும் அவர் நம்ப மாட்டார்.

தொடக்கத்தில் பார்த்த அடைப்புக்குறிச் செய்தி வருவது வேறு வழியாக. நிரலை டோக்கன்களாகப் பிரிக்கும் பகுதி, திறந்த ஒவ்வொரு அடைப்புக்குறியின் வரி எண்ணையும் நிலையையும் ஓர் அடுக்கில் வைத்திருக்கிறது. பொருந்தாத அடைப்புக்குறியைச் சுட்டிக்காட்டும் செய்தி 3.8-இலேயே இதை வைத்துத்தான் வந்தது. பார்சர் தோற்றதும், 3.10-இலிருந்து அது உடனே புகாரை வெளியிடுவதில்லை. கோப்பின் மிச்சம் முழுவதையும் டோக்கன்களாகப் பிரித்துப் பார்க்கிறது. கடைசி வரை போயும் அடுக்கில் ஏதாவது மிஞ்சியிருந்தால், அதன் வரி எண்ணையும் பார்சர் தோற்ற வரி எண்ணையும் ஒப்பிடுகிறது. தோற்ற இடம் அடைப்புக்குறி திறந்த வரிக்குப் பின்னால் இருந்தால்தான் "மூடப்படவே இல்லை" என்று சொல்லும். இங்கேயும் அதே நிதானம்.

இந்த யோசனைக்கு முன்னோடி பைபை. பைத்தானின் இன்னொரு நடைமுறையாக்கமான அதில் இத்தகைய செய்தி முன்பே இருந்தது. அதைப் பார்த்துத்தான் செய்தோம் என்று 3.10-இன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. இரண்டு திட்டங்களும் போட்டியாளர்களாக நடந்துகொள்ளாமல் யோசனையை எடுத்துக்கொண்டதும், எடுத்ததை ஒப்புக்கொண்டதும் திறமூல உலகில் நடக்க வேண்டிய விதம்.

ஓடும்போது வரும் பிழைகள்

தொடரியல் தாண்டிய பிழைகளிலும் இதே அணுகுமுறை தொடர்ந்தது. பெயரைத் தவறாக எழுதினால் "இதைச் சொல்ல வந்தீர்களா?" என்று 3.10 கேட்கத் தொடங்கியது. எழுதிய பெயருக்கும் அங்கே கிடைக்கும் பெயர்களுக்கும் இடையே எத்தனை எழுத்து மாற்றம் என்று கணக்கிடுவார்கள். கணக்கிடும் நேரம் முக்கியம்: விதிவிலக்கு எழும்போது கணக்கிடுவதில்லை, பிடிக்கப்படாமல் மேலே வந்து திரையில் அச்சாகும்போதுதான். நிரல்கள் விதிவிலக்கை எழுப்பி, தாமே பிடித்துக்கொண்டு போவது சாதாரணம். அங்கெல்லாம் இந்தக் கணக்கு வீண். 750 பெயர்களுக்கு மேல் இருந்தாலோ, பெயர் 40 எழுத்துக்கு மேல் நீண்டாலோ யூகமே செய்வதில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியதை மட்டும் பாதித் தவறாக எண்ணுவது எனக்குப் பிடித்த நுணுக்கம்.

2022 அக்டோபரில் வந்த 3.11, பெப் 657 மூலம், பிழை எழுந்த இடத்தைக் காட்டும் டிரேஸ்பேக்கை மாற்றியது. அதற்கு முன் 'மதிப்பு = அ[1][2][3]' என்ற வரியில் பிழை வந்தால், மூன்று அணுக்கங்களில் எதில் வெறுமை வந்தது என்று தெரியாது; வரி எண் மட்டும்தான் கிடைக்கும். இப்போது அந்தப் பகுதிக்கு மட்டும் கீழே குறி விழும். இங்கே செலவைத் தோற்ற நிரலிடம் மட்டும் வசூலிக்க முடியவில்லை. நிரலிலிருந்து தொகுக்கப்படும் ஒவ்வொரு பைட்கோடு கட்டளைக்கும் தொடக்க, முடிவு நிலைகளை முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். பைத்தானோடு சேர்ந்தே வரும் நியம நூலகத்தின் தொகுத்த கோப்புகள் இதனால் சுமார் 22 சதவீதம் பெருத்தன என்று முன்மொழிவிலேயே எண்ணோடு சொல்லிவிட்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளத் தேர்வும் கொடுத்தார்கள். செலவை மறைக்காமல் முன்வைத்ததால்தான் விவாதம் பயனுள்ளதாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குறியைச் சரியான இடத்தில் போடுவது கேட்க எளிது. 'விலை' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎஸ்டி மரம் நிலைகளை யுடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் இந்தப் பெயர் 12. யூனிகோட் குறியீடுகளாக எண்ணினால் 4. நம் கண்ணுக்குத் தெரிவதோ 2 எழுத்து. மூன்றும் உண்மைதான், ஆனால் குறியை எத்தனை இடம் தள்ளிப் போடுவது? முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும் வேலையைச் சிபைத்தான் செய்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துகள் திரையில் இரட்டை அகலம் பிடிக்கும் என்பதையும் பிற்காலப் பதிப்புகளின் டிரேஸ்பேக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உயிர்மெய்க் குறிகளையோ 3.13-இல்கூடத் தனித்தனி இடமாகவே எண்ணுகிறது. அதனால் தமிழ்ப் பெயர்கள் உள்ள வரியில் குறி வலப்பக்கம் நகர்ந்து விழலாம். யாராவது கையில் எடுக்க வேண்டிய வேலை இது. முனையங்கள் இந்த எழுத்துகளை ஆளுக்கொரு விதமாகக் காட்டுவதால் எளிதில் முடிகிற வேலையும் அல்ல.

சுமை யார் தலையில் விழுந்தது

பார்சரை மாற்றியவர்கள் தங்கள் வீட்டை ஒழுங்குசெய்தார்கள். ஆனால் பழைய வீட்டின் சுவரில் சாய்ந்து நின்ற கருவிகள் பல.

பழைய விவர மரத்தை வெளியே காட்டிய இரண்டு நியம நூலகத் தொகுதிகள் 3.9-இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 3.10-இல் நீக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. பெரிய சிக்கல் லிப்2டு3. பைத்தான் 2 நிரலை 3-க்கு மாற்றும் கருவியின் உட்பகுதியாக வந்த இது, நிரலின் இடைவெளி, குறிப்புரை எதையும் இழக்காமல் படித்து, மாற்றி, திரும்ப எழுதத் தெரிந்தது. அதனால் நிரல் வடிவமைப்புக் கருவிகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளமானது. அதுவும் எல்எல்(1)தான். இனி வரும் பைத்தான் தொடரியலை அதனால் படிக்க முடியாது என்பது பெப் 617 ஏற்கப்பட்ட அன்றே உறுதியாகிவிட்டது. கைவிடும் அறிவிப்புகளுக்குப் பின் 3.13-இல் அது நூலகத்திலிருந்து போனது.

பிளாக் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புக் கருவி லிப்2டு3-இன் ஒரு கிளையைத் தன்னோடு வைத்திருந்தது. மேட்ச் கூற்றைப் படிக்க, அந்த எல்எல்(1) இயந்திரத்துக்குள் திரும்பிப் பார்க்கும் திறனைத் தாங்களே பொருத்த வேண்டியிருந்தது. நிரலைப் படித்து மாற்றி எழுத உதவும் லிப்சிஎஸ்டி தன் பார்சரை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிக்கொண்டது. இரண்டும் நன்றாகத் தேறிவிட்டன. ஆனால் அந்த மாதங்களில் அவற்றின் பராமரிப்பாளர்கள் செய்திருக்கக்கூடிய வேறு வேலைகள் நடக்கவில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மையத்தில் உள்ள கருவி தன் கடனை அடைக்கும்போது அதில் ஒரு பங்கு சுற்றியுள்ளவர்களிடம் போய்ச் சேர்கிறது. நீண்ட முன்னறிவிப்பு அந்தச் சுமையைக் குறைக்குமே தவிர நீக்காது.

உள்ளேயே கோவைகளை எழுதக்கூடிய சரங்களான எஃப்-சரங்களின் கதையும் இதோடு சேர்ந்தது. 3.6-இல் வந்த இவற்றுக்குள் உள்ள கோவைகளைப் படிக்கத் தனியாகக் கையால் எழுதிய சிறு பார்சர் இருந்தது. அதனால் எஃப்-சரத்துக்குள் பிழை வந்தால் உங்கள் கோப்பின் பெயர்கூடக் காட்டாமல், 'எஃப்-சரம், வரி 1' என்று ஒரு கற்பனைக் கோப்பைக் காட்டிய காலம் உண்டு. 3.12-இல் பெப் 701 அந்தச் சிறு பார்சரை நீக்கி எல்லாவற்றையும் மைய இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. உள்ளேயும் அதே மேற்கோள்குறியைப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய தடையும் அத்தோடு போனது. வெளியே டோக்கன்களை எண்ணி வேலை பார்த்த சோதனைக் கருவிகள் புதிய டோக்கன்களுக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம், செய்திகளின் சொற்களையே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட சோதனைகள். விதிவிலக்கின் வகையை நம்பலாம், அதன் வாசகத்தை நம்பக் கூடாது என்பது பைத்தான் உலகின் பழைய வழக்கம். நடைமுறையில் பலரும் வாசகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்காக மோசமான வாசகத்தை என்றைக்கும் வைத்திருக்க முடியாது. இதில் நான் பராமரிப்பாளர்கள் பக்கம்.

ஆளும் காலமும்

3.9 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்று பெப் 602 நிர்ணயித்தது. பிழைச் செய்திகளுக்கு இந்தத் தாளம் நன்றாகப் பொருந்தியது. ஒரு செய்தி எல்லா நிலைகளுக்கும் சரியாக வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு குறுகலாக வெளியிட்டு, தவறாக யூகிக்கும் இடங்களைப் புகார்களிலிருந்து தெரிந்து திருத்தலாம். செய்திகளைச் சோதிக்கும் கோப்பும் அதற்கு உதவுகிறது: தவறான நிரல்துண்டு, அதற்குக் கீழே வர வேண்டிய செய்தி என்று படிக்கும் வடிவிலேயே அது நீண்டு போகிறது. புதிய பங்களிப்பாளர் ஒருவர் இலக்கணத்தைத் தொட அஞ்சினாலும், இந்தக் கோப்பில் ஒரு நிலையைச் சேர்த்துத் தொடங்கலாம்.

ஆட்களைப் பொறுத்தவரை, பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2021 ஜூலையில் வூகாஷ் லாங்காவை முழுநேர உறை நிரலராக (டெவலப்பர் இன் ரெசிடன்ஸ்) நியமித்தது. தேங்கிக் கிடக்கும் திருத்தங்களைப் பார்ப்பது, மதிப்பிடுவது, பிறர் வேலைக்கு வழிவிடுவது ஆகியவை அந்தப் பொறுப்பின் மையம். பாப்லோ 3.10, 3.11 இரண்டுக்கும் வெளியீட்டு மேலாளராகவும் இருந்தார். பார்சரின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவரே எதை இந்தப் பதிப்பில் விடலாம், எதை அடுத்ததற்குத் தள்ளலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தது அதிர்ஷ்டம்தான். எல்லாத் திட்டங்களுக்கும் அது வாய்க்காது.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. நியம நூலகத் தொகுதியை இறக்குமதி செய்யாமல் பயன்படுத்தினால், இறக்குமதி செய்ய மறந்தீர்களா என்று 3.12 கேட்டது. உங்கள் கோப்புக்கே நியம நூலகத் தொகுதி ஒன்றின் பெயரை வைத்துவிட்டால், அதனால்தான் பிழை, பெயரை மாற்றுங்கள் என்று 3.13 சொல்லியது; கற்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. 3.14 சிறப்புச் சொற்களின் எழுத்துப் பிழைகளையும் சுட்டிக்காட்டுகிறது.

இந்த வடிவமைப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிபைத்தான் பார்சர் முதல் தொடரியல் பிழையோடு நின்றுவிடும். கோப்பில் ஐந்து பிழை இருந்தால் ஐந்து முறை ஓட்டித்தான் ஐந்தையும் காண முடியும். ஒரு கட்டளையை ஓட்டுபவருக்கு இது போதும். எடிட்டரில் தட்டச்சிட்டுக்கொண்டிருப்பவருக்குப் போதாது; அங்கே நிரல் பெரும்பாலான நேரம் அரைகுறையாகத்தான் இருக்கும், மிச்சப் பகுதியையும் கருவி புரிந்துகொண்டாக வேண்டும். விதிகளை வரிசையாகப் பொருத்தி, எதுவும் பொருந்தாதபோது தோற்கும் பிஇஜி முறையில், தோற்ற பின் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பதற்கு இயல்பான விடை இல்லை. பைத்தான் நிரலைச் சோதிக்கும் ரஃப் என்ற கருவி 2024-இல், பார்சர் உருவாக்கும் கருவியையே விட்டுவிட்டு, கையால் எழுதிய இறங்குமுறைப் பார்சருக்கு மாறியது. பிழைக்குப் பின்னும் தொடர்ந்து படிப்பது அந்த மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. சிபைத்தானின் இலக்கணக் கோப்பில் திரட்டி வைத்திருக்கும் தவறுகளின் வடிவங்கள் அத்தகைய பார்சர்களுக்கும் பயன்படும். எந்தத் தவறுக்கு எந்த யூகம், எந்த நிபந்தனையில் வாய்மூடி இருப்பது என்ற தீர்ப்புகள் அங்கே வரி வரியாக எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் திறந்து படிக்கலாம்.